பெருமாளின் ஓரணாப் பங்கு

1

வருடம் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, என் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரில் மழைக்கு ஒரு பருவம் இருப்பது போல வரிக்கும் ஒரு பருவம் உண்டு. சர்க்காரின் நீள உறைகள் கடை கடையாக வந்து விழும். நம் ஆட்கள் அவற்றைப் பிரிக்காமலேயே தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவருவார்கள். உள்ளே பாம்பு இருப்பது போலவும், பிடாரன் மாடியில் குடியிருப்பது போலவும். பகலெல்லாம் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். மாலையில் இவர்களுக்காக வரிப் படிவத்தின் கட்டங்களை நிரப்புகிறேன். மளிகைக்காரர், சலவைக்காரர், மாலை கட்டி விற்பவர், பால்காரர் என்று எல்லாருடைய ஒரு வருட வாழ்வும் என் மேஜையில் வந்து சுருங்கி ஒரு தாளுக்குள் படுத்துக்கொள்கிறது.

போன வாரம் வந்தவர் கதிர்வேலு. காட்டூரில் பிறந்தவர், இங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். என் எதிரில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணே, கோயிலுக்குக் குடுத்ததை எந்தக் கட்டத்துல போடுறது?"

"எந்தக் கோயிலுக்கு?"

"நம்ம ஊரு கோயிலுக்குத்தான்."

"போட முடியாது. இந்த ஊர் சர்க்காருக்கு உங்க ஊர் சாமியைத் தெரியாது."

"சாமிக்கு இந்த ஊர் சர்க்காரைத் தெரியுமேண்ணே!"

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவை மூடி வைத்தேன். போன வருடம் ஸ்ரீரங்கத்தில் சாமியையும் சர்க்காரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்க முயன்று நான் பட்ட பாடு நெஞ்சில் ஏறி நின்றது. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதைத்தான் எழுதுகிறேன். கூட்டுக் கடை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகவே படியுங்கள்.

2

முதலில் இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வருடப் பிறப்பு ஒன்றல்ல. இந்த ஊர்ச் சர்க்காருக்கு டிசம்பரோடு கணக்கு முடிகிறது. நம் ஊர்ச் சர்க்காருக்கு மார்ச்சில் முடிகிறது. கதிர்வேலு மாதிரி ஆட்களுக்குப் பங்குனிக் கடைசியில் முடிந்து, சித்திரை முதல் தேதியில் மஞ்சள் தடவிய புதுக் கணக்கு பிறக்கிறது. மூன்று பிறப்புக்கும் நடுவில் அல்லாடும் எனக்கு எந்த வருடமும் ஒழுங்காக முடிந்ததாக நினைவில்லை. எல்லாமே பாக்கியாகத் தெரிகிறது.

என் படிவத்தை இப்போதெல்லாம் மகள் சாந்திதான் நிரப்பித் தருகிறாள். அவள் இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"அப்பா, தீபாவளிக்கு அத்தைக்குப் பணம் அனுப்புறீங்கல்ல. அத்தை நமக்கு டிபெண்டன்டா?"

"இல்லைம்மா. அவங்க சொந்தமா கடை வச்சிருக்காங்க."

"அப்ப நீங்க அந்தக் கடையில பார்ட்னரா?"

"இல்லை."

"ரெண்டும் இல்லைன்னா எந்தக் கட்டத்துல எழுதுறது?"

"எழுதாதே. விட்டுடு."

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அவள் தம்பி மூலையில் உட்கார்ந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். "உங்க ஊரு விவகாரமே இப்படித்தான்" என்றான். உங்க ஊர்! அவன் வாயில் அது எப்போதும் 'உங்க ஊர்'தான். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன்.

'பார்ட்னரா?' என்று அவள் சாதாரணமாகக் கேட்ட அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் போன வருடம் கப்பல் ஏறினேன்.

3

என் தங்கை கமலாவின் புருஷன் கோவிந்தராஜனும், பொன்மலை ரயில்வே பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்த செபாஸ்டியனும் சேர்ந்து ஸ்ரீரங்கத்தில், மொட்டைக் கோபுரத்துக்கு உள்ளே, காப்பித்தூள் கடை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கொட்டையின் வாசனை தெரியும். செபாஸ்டியனுக்கு இயந்திரத்தின் நாடி தெரியும். பத்து வருடத்துக்கு முன் அரைக்கிற மெஷின் வாங்க நான்தான் இங்கிருந்து பணம் அனுப்பினேன். அதை அவர்கள் ஒழுங்காக, ஒரு தவணை தவறாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதுதான் என் கோபம்! கொடுக்காமல் இழுத்தடித்திருந்தால் அந்தக் கடையில் எனக்கு ஏதாவது ஒரு மூலை மிச்சமிருந்திருக்கும். கணக்குத் தீர்ந்தவன் வெளியாள் ஆகிவிடுகிறான்.

என் ஆசை பெரிதல்ல. இன்னும் சில வருடங்களில் இந்தக் கட்டங்களையெல்லாம் உதறிவிட்டு ஊர் திரும்ப வேண்டும். திரும்பி வரும்போது ஒண்டுவதற்கு வந்தவனாக இல்லாமல், கடைப் பத்திரத்தில் பெயர் உள்ளவனாக வந்து கணக்கு மேஜையில் உட்கார வேண்டும். லாபம்கூட வேண்டாம், பெயர் இருந்தால் போதும். காகிதத்தில் பிழைக்கிறவனுக்குக் காகிதத்தில் இருப்பதுதான் இருப்பு.

இதற்கு வழி விட்டது போல வந்து சேர்ந்தது கமலாவின் கடிதம். கடையின் லாபம் அதுவரை வரி வரம்புக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. இந்த முறை வரம்பைத் தாண்டிவிட்டது. கடையைக் கூட்டு வியாபாரமாகப் பதிவு செய்யச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். 'பத்திரம் சரியில்லை, செல்லாது' என்று திரும்பி வந்துவிட்டது. அண்ணன் வரி விவகாரம் தெரிந்தவராயிற்றே, ஒரு நடை வரக் கூடாதா?

நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் பிடித்துத் திருச்சி வந்து, பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது தண்ணீரைப் பார்த்தேன். கூட்டைக் காப்பாற்றிக் கொடுப்பேன், கூலியாக அதில் ஓர் இடம் கேட்பேன் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தேன்.

4

கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது யாரும் யாரோடும் மெதுவாகப் பேச முடியாது. ரகசியம், கோபம், குசலம் எல்லாமே கத்தல்தான்.

"வாங்க மச்சான்! இளைச்சுட்டீங்களே!" என்று கத்தினார் கோவிந்தராஜன்.

"பத்திரத்தை எடுங்க மாப்பிள்ளை!" என்று நானும் கத்தினேன்.

வாங்கிப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் தலை சுற்றியது. 'மேற்படி கடையின் லாபத்தில் பங்காளி கோவிந்தராஜனுக்கு ரூபாய்க்கு ஏழரை அணா, பங்காளி செபாஸ்டியனுக்கு ஏழரை அணா, பங்காளி ஸ்ரீரங்கம் பெருமாளுக்கு ஓரணா.' அணாவை ஒழித்து நயா பைசா வந்து வருடங்களாகியும் பெருமாள் மட்டும் அணாவிலேயே இருந்தார்.

நம் பக்கத்துக் கடைகளில் இது புதிதல்ல என்பது உங்களுக்குத் தெரியும். சாமிக்கென்று ஒரு பங்கு ஒதுக்காமல் நாம் கல்லாவைத் திறப்பதில்லை. ஒதுக்குவதில் தப்பில்லை. ஆனால் 'பங்காளி' என்று எழுதினார்களே! பங்காளி என்றால் சட்டத்தில் ஓர் ஆள். அவர் கையெழுத்துப் போட வேண்டும், நஷ்டம் வந்தால் அதிலும் பங்கு ஏற்க வேண்டும்.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியதும் கடையே சட்டென்று நிர்வாணமானது போலிருந்தது. பொறுமையாக விளக்கினேன். கூட்டு பதிவாகிவிட்டால், உங்கள் மாதிரி சின்னக் கடையில் லாபம் பங்காளிகளுக்குப் பிரிந்துவிடும். அவரவர் பங்குக்கு அவரவர் வரி. உங்கள் பங்கு இரண்டும் தனித்தனியே வரம்புக்குக் கீழே நிற்கும், ஒரு பைசா வரி வராது. பதிவாகாவிட்டால் மொத்த லாபமும் ஒரே தலையில் விழும், அந்தத் தலைக்கு வரி வரும். ஆக, பெருமாள் பங்காளியாக இருக்கும்வரை உங்களுக்குத் தண்டம்.

"பெருமாளை எடுத்துடச் சொல்றீங்களா?" கோவிந்தராஜனின் முகம் கறுத்தது.

"எடுக்க வேணாம். கொடுக்கிறதைக் கொடுங்க. தர்மச் செலவுன்னு எழுதிட்டாப் போச்சு."

"செலவா? மச்சான், பெருமாளைச் செலவுல எழுதச் சொல்றீங்களா? வாடகை, கரண்ட், சாக்கு, சணல், அதுக்குக் கீழே பெருமாளா?"

செபாஸ்டியனைப் பார்த்தேன். அந்தோணியார் படம் போட்ட கழுத்து டாலரை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "நீங்களாவது சொல்லுங்க செபாஸ்டியன். உங்களுக்கு இதுல என்ன?"

"எனக்கு என்னங்கண்ணே? கடை அவர் மதிலுக்குள்ள இருக்கு. இடத்துக்காரருக்குப் பங்கு குடுக்காம எப்படி? எங்க மாதா என் பங்குக்குள்ளயே அனுசரிச்சுப் போயிடுவாங்க. பெருமாள்தான் தனிக் குடித்தனம் கேக்குறாரு."

கமலா உள்ளிருந்து காப்பியோடு வந்தாள். "அண்ணே, இவங்க ரெண்டு பேருக்கும் இத்தனை வருஷத்துல ஒரு சண்டை வந்தது கிடையாது. அந்த ஓரணாவுலதான் நிக்குதுன்னு இவர் நம்புறாரு. அதைத் தொடாம ஏதாவது பண்ணு."

அப்போதுதான் மனத்தில் இருந்ததை எடுத்து வைத்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. "சரி. பெருமாள் பங்கு இருக்கட்டும். அது யார் கை வழியாப் போனா என்ன? அவர் இடத்துல என் பேரை மூணாவது பங்காளியாப் போடுங்க. கையெழுத்து நான் போடுறேன். ஓரணாவை அப்படியே கோயிலுக்குக் கட்டிடுறேன். பத்திரமும் சுத்தமாயிடும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான் வந்து கடையில உக்காருறேன்னா வேணாம்னா சொல்வேன்? போடுங்க மச்சான்."

செபாஸ்டியன் எழுந்து மெஷினைப் போட்டார். பீபரிக் கொட்டையும் சிக்கரியும் கலந்து தூளாகிக் காற்றில் மிதந்தன. அந்தப் பழுப்புப் புகைக்குள் நின்றபோது, கப்பலேறிப் போன நாளிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அன்றுதான் விட்டது போலிருந்தது.

5

வரி ஆபீசில் எங்களை முதலில் ஒரு மேஜை இன்னொரு மேஜைக்கு அனுப்பியது. அந்த மேஜை சாப்பிடப் போயிருந்தது. திரும்பி வந்த மேஜை, இது இங்கே இல்லை என்று மாடிக்கு அனுப்பியது. எந்தக் கடலைத் தாண்டினாலும் சர்க்கார் மேஜைகள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். காத்திருக்கும் பெஞ்சுக்குக்கூட ஒரே கால்தான் ஆடுகிறது.

மாடியில் இருந்த அதிகாரி நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு இட்டிருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பத்திரத்தைப் பிரித்து, பெருமாளின் பெயர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"மூணு பங்காளின்னு எழுதியிருக்கேள். விண்ணப்பத்துல ரெண்டு கையெழுத்துதான் இருக்கு."

செபாஸ்டியன் பணிவாகச் சொன்னார்: "மூணாவது ஆள் நெனச்ச நேரம் வெளிய வர மாட்டாருங்க. உற்சவத்துக்கு மட்டும்தான் புறப்பாடு."

அதிகாரி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். தோற்றுப்போனார். "நானும் தினம் சேவிச்சுட்டுத்தான் ஆபீஸ் வரேன். ஆனா அவர் எழுந்தருளி இங்க ஒரு கையெழுத்துப் போடணும்னு நான் எழுதி அனுப்ப முடியுமா? போடலேன்னு நிராகரிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே இல்லை. பத்திரத்தை மாத்திண்டு வாங்கோ."

என் யோசனையைச் சொன்னேன். பெருமாளுக்குப் பதில் நான். கையெழுத்துத் தயார்.

"பேஷ். நீங்கள் எங்கே இருக்கேள்?"

"சிங்கப்பூர்."

"இங்கே எப்போ திரும்பறதா உத்தேசம்?"

"சில வருஷத்துல. முடிவாச் சொல்ல முடியாது."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் என் மாடியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்கிற அதே விஷயத்தை அவர் எனக்குச் சொல்லப்போகிறார். ஊரில் வசிக்காதவனுக்கு அந்த வரம்புச் சலுகை கிடையாது. அவன் பங்குக்கு முதல் ரூபாயிலிருந்தே வரி, அதுவும் உச்ச விகிதத்தில். அவன் கடலுக்கு அப்பால் இருப்பதால், இங்கிருக்கும் பங்காளியை அவனுக்கு ஏஜண்டாக்கி, அவனுடைய வரியை அவரிடமே வசூலிப்பார்கள். வருடா வருடம் தனிக் கணக்கு, தனி நோட்டீஸ், தனி நடை.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? கதிர்வேலு கேட்டிருந்தால் மூச்சு விடாமல் ஒப்பித்திருப்பேன். என்னைப் பற்றியது என்று வந்தபோது மட்டும் நான் என்னை ஊரில் இருப்பவனாகவே வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். இத்தனை வருடமாக.

அதிகாரி குரலைத் தணித்துக்கொண்டார். கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "பெருமாள் எங்கேயும் போகாம இங்கேயே இருக்கார். கையெழுத்து ஒண்ணுதான் இல்லை. உங்களுக்குக் கையெழுத்து இருக்கு. நீங்கள்தான் இங்கே இல்லை. என்ன பண்றது, சொல்லுங்கோ."

6

பஸ்ஸில் திரும்பும்போது கோவிந்தராஜன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போடுங்க மச்சான், பார்த்துக்கலாம். உங்க வரியை நான் கட்டுறேன். அதுக்காக உங்களை விட்டுட முடியுமா?"

"வருஷா வருஷம் அந்த ஆபீஸ் படியை ஏறணும் மாப்பிள்ளை."

"ஏறுறேன்."

"செபாஸ்டியனும் ஏறணுமா?"

முன் சீட்டிலிருந்து செபாஸ்டியன் திரும்பினார். "பட்டறையில நான் ஏறாத ஏணியாண்ணே? ஏறிட்டாப் போச்சு."

இந்த இரண்டு பேரும் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனம் நொந்து, அந்த நோவையே ஒரு சொத்தாக எடுத்துக்கொண்டு கப்பலேறியிருப்பேன். வா என்கிறார்கள். வந்தால் அவர்களுக்கு நான் வருடாந்தர அபராதம்.

வீட்டில் கமலாவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"நீ வந்து கடையில உக்காந்தா எந்தப் பத்திரம் உன்னை எந்திரின்னு சொல்லப்போவுது?"

"எனக்குப் பத்திரத்துல இருக்கணும் கமலா."

"அங்கயே இருந்து இருந்து நீயும் சர்க்கார் மாதிரி ஆயிட்டேண்ணே."

கூடத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தேன். அன்று பிற்பகல் முழுவதும் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். எத்தனையோ வருடங்களாகப் பத்திரிகைகளுக்கு எதை எதையோ எழுதியிருக்கிறேன். ஆறு, மழை, பிரிவு. எந்தச் சொல்லுக்கும் இவ்வளவு மல்லாடியதில்லை. பெருமாள் பங்காளியாக இருக்கக் கூடாது. செலவாகவும் இருக்கக் கூடாது. நான் எங்கேயுமே இருக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் நிற்க வேண்டும்.

கடைசியில் நின்றது இதுதான்: 'கடையில் விளையும் ஆதாயத்தில் ரூபாய்க்கு ஓரணாவுக்குச் சமமான தொகை, அது பங்காளிகளின் கைக்கு வருவதற்கு முன்பே கோயிலுக்கு உரியது. அது போக எஞ்சுவது மட்டுமே லாபம். அந்த லாபம் பங்காளிகள் கோவிந்தராஜன், செபாஸ்டியன் இருவருக்கும் சரிபாதி.'

கூட்டுக் கடை வைத்திருப்பவர்களே, வேண்டுமானால் இதை நகலெடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு வந்த பிறகு கொடுத்தால் அது நீங்கள் சம்பாதித்துக் கொடுத்த தர்மம். சம்பாதித்ததற்கு வரி உண்டு. கைக்கு வரும் முன்பே கட்டாயமாக இன்னொருவருக்குப் போய்விட்டால் அது உங்கள் வருமானமே அல்ல என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும், பணமும் தவறாமல் போக வேண்டும், ரசீதும் வேண்டும். உங்கள் ஊர் ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் வெளியூர்க்காரன்.

கோவிந்தராஜன் அதை இரண்டு முறை படித்தார். "பெருமாள் மேல இருக்காரு. நாங்க கீழ" என்றார். முகம் தெளிந்துவிட்டது. பிறகு மறுபடி படித்தார். "மச்சான், இதுல உங்களைக் காணோமே?"

"மூணாவது ஆள் வேணாம் மாப்பிள்ளை. ரெண்டு பேர்தான் கணக்குக்கு நல்லது."

செபாஸ்டியன் என்னைப் பார்த்தார். மெஷின் ஓடாத நேரம் அது. எழுந்து போய் மெஷினைப் போட்டார்.

7

அதிகாரி வரைவைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்தால் போதும், இந்த வருடக் கணக்கை இரண்டு பங்காகவே பார்த்துவிடலாம் என்றார். கப்பலுக்கு நேரம் நெருங்கியிருந்தது. அன்றே பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம்.

பத்திரக்காரர் புளியமரத்து நிழலில் சாய்வு மேஜை போட்டிருந்தார். எழுத்து அச்சுப் போல இருந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதினார். என் வாக்கியம் வந்ததும் நிமிர்ந்து, "யாருங்க எழுதிக் குடுத்தது? வக்கீலா?" என்றார்.

"எங்க மச்சான்" என்றார் கோவிந்தராஜன். அந்தக் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். செபாஸ்டியன் பேனாவை இரண்டு முறை உதறினார்.

"சாட்சி யாரு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் முன்னே வந்தேன். பெயர் சொன்னேன், தகப்பனார் பெயர் சொன்னேன். "விலாசம்?" என்றார். கமலாவின் வீட்டுக் கதவு எண்ணையும் தெருவையும் சொன்னேன்.

பத்திரக்காரர் எழுதவில்லை. பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. என் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"இப்ப குடியிருக்கிற விலாசம் சொல்லுங்க சார். நாளைக்கு ஒண்ணுன்னா கடிதாசி உங்க கைக்கு வரணும்ல?"

சொன்னேன். தெருவின் பெயர் அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். ஊரின் பெயரையும் சொன்னேன். வரி நீண்டு ஓரத்தைத் தாண்டி மடங்கிக் கீழே இறங்கியது. அவர் ஈரத்தை ஒற்றி என்னிடம் நீட்டினார்.

"சரியா இருக்கான்னு பாருங்க."

படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.